பிறந்த வீட்டு மொய்

ஜூன் 12, திங்கள்

மத்தியானம் மில்லிலேயே தூங்கிவிட்டேன். மெஷின் ஓடும்போது எனக்கு வருகிற தூக்கம் வீட்டு மெத்தையில் வருவதில்லை. காலடியில் தரை அதிர்ந்துகொண்டே இருக்கும், ஜன்னல் வெயிலில் மாவு மிதக்கும், கண் தானாகச் சொருகிவிடும்.

கனவில் ஃபைனான்ஸ்காரத் தம்பி முத்துவேல் தூக்குவாளியோடு வரிசையில் நிற்கிறான். "அக்கா, இதை நைசா அரைச்சுக் குடுங்க" என்கிறான். மூடியைத் திறந்தால் உள்ளே என் கடன் பத்திரம். நானும் கொட்டி அரைத்தேன். அடடா, என்ன வெள்ளை, என்ன வாசம்! இடியாப்பத்துக்குக்கூட அப்படி மாவு விழுந்ததில்லை.

எழுப்பியவனும் அதே முத்துவேல்தான். நிஜ முத்துவேல் தூக்குவாளி கொண்டு வரவில்லை. போனைத் தூக்கிப் பிடித்து மாவு மெஷினையும் மிளகாய் மெஷினையும் படம் எடுத்தான்.

"போட்டோ எல்லாம் எடுக்குறியே, பொண்ணு பாக்க வந்தியா?"

"ஆடி முடியிறதுக்குள்ள ரெண்டே முக்கால் லட்சம் கட்டணும்க்கா. இல்லாட்டி ரெண்டு மெஷினையும் தூக்கிருவாங்க. மேல இருக்கவங்க சொல்றாங்க, நான் சொல்லல."

தண்ணீர் கேட்டான். கொடுத்தேன். பாவம், அவனுக்கும் வெயில்தானே.

ஜூன் 13, செவ்வாய்

என் வீட்டுக்காரர் வைரக்கண்ணு லோடு ஆட்டோவைத் துடைத்துக்கொண்டிருந்தார். விஷயத்தைச் சொன்னேன். கேட்டுவிட்டு வானத்தைப் பார்த்தார். எந்தச் செய்திக்கும் முதலில் வானத்தைப் பார்ப்பார்.

"ஆடியில மொய் விருந்து வச்சுருவோம் நீலா. அஞ்சு வருசத்துக்கு ஒருக்காத்தானே வைக்கலாம், நமக்கு இது அஞ்சாவது வருசம். நாம ஊருக்கெல்லாம் வச்சது திரும்பி வந்துட்டா ஃபைனான்ஸ் என்ன, ஃபைனான்ஸோட அப்பன் என்ன?"

அவர் சொன்னதும் மனசு லேசாகிவிட்டது. அரிசி களையும்போது பந்தல், வாழை இலை, வரிசையில் நிற்கும் ஜனம் எல்லாம் தண்ணீரிலேயே தெரிந்தன. சோறு அடிப்பிடித்துவிட்டது.

ஜூன் 20, செவ்வாய்

பட்டுக்கோட்டை போனேன். பேங்க் மாடியில் கடன் ஆலோசனை மையம் என்று ஒன்று இருக்கிறது, காசு வாங்குவதில்லை என்று மகளிர் குழுவில் சொன்னார்கள். காசு வாங்காத இடத்தில் என்ன இருக்கப்போகிறது என்றுதான் படி ஏறினேன்.

ஜெசிந்தா என்று ஒரு பெண். முப்பது வயசு இருக்கும், ஏழு மாத வயிறு. தூத்துக்குடிப் பக்கம், பேச்சிலேயே தெரிந்தது. ஃபேன் சத்தம் மெஷின் சத்தம் மாதிரியே இருந்ததால் எனக்குக் கொட்டாவியாக வந்தது. அவள் கோபித்துக்கொள்ளவில்லை.

"யாராருக்கெல்லாம் குடுக்கணும்னு சொல்லுங்கக்கா."

சொன்னேன். மெஷினுக்கு வாங்கிய ஃபைனான்ஸ். பேங்கில் நகைக்கடன். மகளிர் குழு. தினம் ஐந்நூறு வாங்கிக்கொண்டு போகிற தண்டல்காரர் சிங்காரம். மளிகைக்கடை.

"யாருக்கு மொதல்ல குடுக்கீங்க?"

"சிங்காரத்துக்குத்தான். தினம் வாசல்ல வந்து நின்னு ஊருக்கே கேக்குற மாதிரி கூப்புடுறாரே."

"சத்தம் போடுதவங்களுக்கு மொதல்ல குடுத்தா, சத்தம் போடாத வட்டி பாட்டுக்கு ஏறிக்கிட்டே கெடக்கும்க்கா."

எனக்குச் சுருக்கென்றது. வருஷக்கணக்காக அதைத்தானே செய்கிறேன்! இனிமேல் யார் என்ன சொன்னாலும் எழுத்தில் வாங்க வேண்டுமாம். ஒரு கடனை அடைக்க இன்னொரு கடன் வாங்கவே கூடாதாம். ஃபைனான்ஸுக்கு ஒரு மனு எழுதித் தந்தாள், தவணையை நீட்டச் சொல்லி.

"வேற ஏதும் விட்டுப்போச்சாக்கா?"

"அவ்வளவுதான் மேடம்."

அவ்வளவுதான். மொய்யெல்லாம் கடனில் வராது.

ஜூன் 22, வியாழன்

சிங்காரம் வந்து கத்தினார். "வாரத்துக்கு ஒருக்கா வாங்கிக்கங்க, ரசீது குடுங்க" என்றேன். மனுஷன் ரசீது என்ற சொல்லையே முதல் தடவை கேட்கிறவர் போல முழித்தார். இன்று முழுக்கச் சிரிப்பு அடங்கவில்லை எனக்கு.

ஜூலை 4, செவ்வாய்

ஜெசிந்தா கேட்டிருந்தாளே என்று மிளகாய் மெஷின் வாங்கிய பில்லை எடுத்துக்கொண்டு போனேன். எடுத்துப் போனதுதான் தப்பு.

"மெஷின் ரெண்டு லட்சம்னு இருக்கு. லோன் மூணு லட்சம் வாங்கியிருக்கீங்க. மிச்சம் ஒரு லட்சம் எங்கக்கா போச்சு?"

"எங்கண்ணன் விருந்துல மொய் வச்சேன்."

அவளுக்கு விளங்கவில்லை. விளக்கினேன். எங்கள் பக்கம் பண முடை வந்தால் விருந்து வைப்போம். கறிச்சோறு போட்டு ஊரைக் கூப்பிட்டால், நாம் மற்றவர் விருந்தில் வைத்த மொய் அத்தனையும் திரும்ப வரும். வைத்ததையே வைத்தால் உறவை முடித்துக்கொண்டதாக அர்த்தம். அதற்கு மேல் சேர்த்துத்தான் வைப்பார்கள். நான் அண்ணனுக்கு ஒரு லட்சம் வைத்தேன். அவர் எனக்கு இரண்டு வைப்பார். வட்டி கிடையாது, பத்திரம் கிடையாது.

"அப்போ மேல வைக்கிற ஒரு லட்சத்தை அடுத்த தடவை நீங்க திருப்பி வைக்கணும், இல்லியா?"

"ஆமா, அதுக்கு மேலயும் வைக்கணும்."

"அப்போ அதுவும் கடன்தானக்கா. வட்டிக்கு வாங்கி, வட்டியில்லாத இடத்துல கொண்டு போட்டிருக்கீங்க."

வந்ததே கோபம். "மரியாதைக்குச் செய்யிறதை எல்லாம் கடன்னு சொல்லாதீங்க மேடம்" என்று எழுந்துவிட்டேன். அவள் என்னைக் கண்டாளா, செந்தாமரை அத்தாச்சியைக் கண்டாளா? அண்ணன் சம்சாரம் செந்தாமரை ஒருநாள் நாலு பேர் நடுவில், "நீலாவதி மில்லுல மாவு பறக்குமே தவிர காசு பறக்காது" என்றாள். அந்த வருஷம்தான் ஒரு லட்சம் வைத்தேன். மைக்கில் என் பேரைச் சொன்னபோது அவள் முகத்தைப் பார்க்கவேண்டுமே! அதற்காக ஒன்றும் வைக்கவில்லை. அண்ணன் என்கிற பாசம்தான்.

திரும்பும்போது பஸ்ஸில் தூங்கி, இரண்டு நிறுத்தம் தாண்டிப்போய் நடந்து வந்தேன்.

ஜூலை 9, ஞாயிறு

அண்ணனுக்கு வெற்றிலை பாக்கு வைத்து அழைக்கப் போனோம். உடையப்பன் அண்ணனுக்கு உரக்கடை. ஞாயிற்றுக்கிழமைகூடப் பாதி நாள் திறந்திருப்பார், இன்று சாத்தியிருந்தது. ஓய்வெடுக்கிறார் போல. நல்லதுதான், எவ்வளவு நாள்தான் ஓடுவார்?

கூடத்தில் பெரிய டிவி இருந்த இடத்தில் சுவர் மட்டும் வெளுப்பாக இருந்தது. பழுது பார்க்கக் கொடுத்திருக்கிறதாம். அத்தாச்சி கழுத்தில் மஞ்சள் கயிறு. சங்கிலி உறுத்துகிறதென்று கழற்றி வைத்திருக்கிறாளாம். அவளுக்கு எப்போதுமே மேனி மென்மை.

"மொத மொய் நீங்கதான்ணே. பொறந்த வீட்டு மொய் விழாம மத்தவங்க கவரை நீட்ட மாட்டாங்க. வெள்ளனவே வந்துருங்க."

"வராம எங்க போகப்போறேன்?" என்று சிரித்தார். வெற்றிலையை எடுத்துக்கொண்டவர், அதை மடியில் வைத்தபடியே நெடுநேரம் உட்கார்ந்திருந்தார்.

வரும் வழியில் வைரக்கண்ணு, "ஒங்கண்ணன் எளைச்சுட்டாருல்ல?" என்றார். சர்க்கரையாக இருக்கும் என்றேன்.

ஜூலை 16, ஞாயிறு

கனவு. தெரு முழுக்க மாவு மழை பெய்கிறது. முத்துவேல், சிங்காரம், மளிகைக்கடைக்காரர், நான், எல்லாரும் தலையிலிருந்து கால்வரை வெள்ளை. யார் யாருக்குக் கொடுக்கவேண்டும் என்று யாருக்கும் அடையாளம் தெரியவில்லை. ஒருத்தரை ஒருத்தர் பார்த்துக் கும்பிட்டுக்கொண்டே போகிறோம். விழித்ததும் அழுகையாக வந்தது, அவ்வளவு சுகம்.

ஜூலை 25, செவ்வாய்

மனுவுக்குப் பதில் வந்தது. ஆடி முடிவதற்குள் பாதிக்கு மேல் கட்டினால் மிச்சத்துக்குத் தவணை நீட்டுவதைப் பற்றி யோசிப்பார்களாம். ஜெசிந்தாவுக்குப் போன் செய்தேன். நான் கோபித்துக்கொண்டு எழுந்துபோனதைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை.

"விருந்துல வர்றதுல பழசு எவ்வளவு, புதுசு எவ்வளவுன்னு தனியா வச்சுக்கிடுங்க. பழசு மட்டுந்தான் ஒங்க காசு. அண்ணன் கண்டிப்பா குடுத்துருவாராக்கா?"

"எங்கண்ணன் மேடம்!" என்றேன். இதெல்லாம் ஒரு கேள்வியா?

அண்ணன் இரண்டு லட்சம் வந்துவிட்டால் மற்றவர்கள் வைப்பதில் விருந்துச் செலவு போக மிச்சமும் சேர்ந்து, ஃபைனான்ஸ் முழுதாக அடைந்துவிடும். இரண்டு மெஷினும் எனக்கே. அண்ணனுக்குப் போன் போட்டேன், அணைத்து வைத்திருக்கிறார். கோயில் வேலையாக இருப்பார்.

ஆகஸ்ட் 5, சனி

ஆடிக்காற்று பந்தல் துணியை உப்பவைத்து உப்பவைத்து விடுகிறது. நான்கு குடும்பம் சேர்ந்து செலவைப் பங்கிட்டு வைக்கிற விருந்து. ஃப்ளெக்ஸில் என் படத்தைப் பெரிசாகப் போட்டிருக்கிறார்கள், நான் என்னமோ தேர்தலில் நிற்கிற மாதிரி. அண்ணன் போன் இன்னும் அணைந்தே இருக்கிறது.

காற்றில் வெங்காய வாசம். பந்தலடியில் கொஞ்சம் கண் அயர்ந்தேன். கனவு ஒன்றும் வரவில்லை.

ஆகஸ்ட் 6, ஞாயிறு

விருந்து முடிந்தது. கால் இரண்டும் கழன்று விழுகிற மாதிரி இருக்கிறது. எழுதிவிட்டுத்தான் படுப்பேன்.

பத்து மணிக்கே கூட்டம். நான்கு குடும்பத்துக்கு நான்கு மேஜை. எங்கள் மேஜையில் மொய் எழுதுகிற தவமணியண்ணன், முன்னால் தகரப்பெட்டி, பக்கத்தில் மைக். மற்ற மூன்று மேஜையும் கிடுகிடுவென்று ஓடுகின்றன. எங்கள் மேஜையில் தவமணியண்ணன் பேனாவைத் திறக்கிறார், மூடுகிறார். கவரோடு நின்ற ஜனம் ஒருவரை ஒருவர் பார்த்தது. "பொறந்த வீடு வரலியா?" என்று ஒருத்தி கேட்டாள், காதில் விழட்டும் என்றே. செந்தாமரை அத்தாச்சி பந்தியில் உட்கார்ந்து, இலையில் வைத்த சோற்றைத் தொடாமல் குனிந்திருந்தாள்.

கூட்டத்துச் சத்தம் எனக்கு எங்கோ தூரத்தில் கேட்டது. தூக்கத்தில் நடக்கிற மாதிரியே பந்தலைச் சுற்றிக்கொண்டு பின்பக்கம் போனேன்.

தண்ணீர் லாரிக்குப் பக்கத்தில் அண்ணன். இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டை. எதிரில் தண்டல்காரர் சிங்காரம், லாரி மட்கார்டு மேல் ஒரு பத்திரத்தை விரித்துக் காற்றில் பறக்காமல் இரண்டு கையாலும் அழுத்திக்கொண்டிருந்தார். அண்ணன் கையில் பேனா.

"அண்ணே."

திரும்பினார். "நீ போ நீலா. பத்து நிமிசம். இந்தா வந்துர்றேன்."

"என்னண்ணே இது?"

"ஒண்ணுமில்ல ஆத்தா" என்றார் சிங்காரம். "வீட்டு மேல ஒரு கையெழுத்து. ஒனக்கு மொய் வைக்கத்தான் கேக்குறாரு. நல்ல காரியம், நானும் வட்டியைக் கொறச்சுத்தான் போட்டிருக்கேன்."

டிவியும் சங்கிலியும் சாத்திய கடையும் ஒன்றாகச் சேர்ந்து அப்போதுதான் என் மண்டையில் ஏறின. எனக்குத் தெரியாமலா இருந்தது? தெரியாத மாதிரி இருந்தேன். அண்ணன் முகத்தைப் பார்த்தேன். தினம் காலையில் சிங்காரம் வாசலில் நிற்கும்போது கண்ணாடியில் நான் பார்க்கிற முகம் அது.

பொய் எழுதக் கூடாது. ஒரு நொடி, போடட்டுமே என்று நினைத்தேன். இரண்டு லட்சம். இரண்டு மெஷினும் நிற்கும். அவர் வீடு, அவர் கையெழுத்து, எனக்கென்ன?

பிறகு திரும்பி நடந்தேன். நேராக மேஜைக்கு.

"தவமணியண்ணே, எழுதுங்க. எங்கண்ணன் காலையிலேயே வீட்டுக்கு வந்து என் கையில குடுத்துட்டாரு. மறந்தே போச்சு பாருங்க, கிறுக்கு எனக்கு."

"எவ்வளவு ஆத்தா?"

"ரெண்டு லட்சம்."

அவர் தகரப்பெட்டியைப் பார்த்தார். காலிப் பெட்டி. என்னைப் பார்த்தார். எத்தனை விருந்துக்கு எழுதினவர், தெரியாதா? குனிந்து எழுதினார். அப்புறம் மைக்கை இழுத்து, பந்தலே அதிரச் சொன்னார்: "நீலாவதி பொறந்த வீட்டு மொய்! அண்ணன் உடையப்பன், ரெண்டு லட்சம்!"

யாரோ கை தட்டினார்கள். அத்தாச்சி இலை முன்னாலிருந்து எழுந்து நின்றுவிட்டாள். ஜனம் கவரை நீட்ட ஆரம்பித்தது.

பின்பக்கம் ஓடினேன். சிங்காரம் பத்திரத்தை மடித்துக்கொண்டிருந்தார். கையெழுத்து விழவில்லை. அண்ணன் லாரியைப் பிடித்துக்கொண்டு தேம்பினார். நானும் அழுதேன், என் அண்ணனுக்காகவும், போகப்போகிற மெஷினுக்காகவும், இரண்டுக்கும் சேர்த்து. அப்புறம் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய்ப் பந்தியில் உட்காரவைத்தேன். கறி நன்றாக வெந்திருந்தது.

ஆகஸ்ட் 7, திங்கள்

எண்ணி முடித்துவிட்டு வைரக்கண்ணு கேட்டார். "செலவு போக முக்கால் லட்சம் இருக்கு. ஒங்கண்ணன் ரெண்டு லட்சம் எங்க?"

சொன்னேன். வானத்தைப் பார்த்தார். நெடுநேரம் பார்த்தார். திட்டினால்கூடத் தேவலை என்று இருந்தது.

"மொளகா மெஷினுக்கு ஆள் பாக்குறேன்" என்று ஆட்டோவை எடுத்துக்கொண்டு போனார். இந்த மனுஷனைக் கட்டிக்கொள்ள நான் என்ன புண்ணியம் செய்தேனோ.

ஆகஸ்ட் 8, செவ்வாய்

ஜெசிந்தாவிடம் போனில் உள்ளதைச் சொன்னேன்.

"வராத ரெண்டு லட்சத்தை வந்ததா எழுதிட்டீங்க. இனிமே கேக்கவும் முடியாது. ஊரு கணக்குப்படி அடுத்த தடவை நீங்கதான் அவருக்கு ஒரு லட்சத்துக்கு மேல வைக்கணும். அப்படித்தானக்கா?"

"அப்படித்தான் மேடம்."

"இதை நான் எந்தக் கணக்குலக்கா எழுத?" என்றாள். சிரிக்கிறாளா, அழுகிறாளா என்று தெரியவில்லை. வயிற்றுப்பிள்ளைக்காரி, அவளைப் போய்ப் படுத்துகிறேன்.

ஆகஸ்ட் 10, வியாழன்

மத்தியானம் அரைத்தூக்கத்தில் இருந்தேன். மாவுக்குள்ளே வெள்ளையாக யாரோ நிற்கிற மாதிரி இருந்தது. கனவு என்றுதான் நினைத்தேன். அண்ணன்.

அரிசி மூட்டை மேல் உட்கார்ந்தார். உரக்கடையில் கடனுக்குக் கொடுத்தது ஒன்றும் திரும்பவில்லையாம். மூன்று வட்டிக்கடையில் வாங்கியிருக்கிறாராம். அத்தாச்சிக்கே பாதிதான் தெரியுமாம். "நீ வச்ச ஒரு லட்சத்தை வட்டிக்காரன் அன்னைக்கு ராத்திரியே வந்து வாங்கிட்டுப் போயிட்டான்" என்றார்.

அப்புறம் மெஷினை நிறுத்தச் சொன்னார். நிறுத்தினேன். அவ்வளவு அமைதியில் எனக்கு அந்த இடமே புதுசாக இருந்தது.

"நீலா, நான் இனிமே விருந்து வைக்கமாட்டேன்."

"என்னண்ணே பேச்சு இது?"

"நான் வச்சாத்தானே நீ திருப்பி வைக்கணும்? என் உசுரு உள்ள வரைக்கும் வைக்கமாட்டேன். ஊருல என்ன வேணாலும் பேசட்டும்."

ஐந்து வருஷத்துக்கு ஒருமுறை பந்தல் போட்டு நடுவில் நிற்பதற்காகவே வாழ்கிற மனுஷன். ஃப்ளெக்ஸில் தன் படம் சரியாக விழவில்லை என்று திரும்ப அடிக்கச் சொன்ன மனுஷன். அவர் சட்டையில் ஒட்டின மாவைத் தட்டிவிட்டேன். தட்டத் தட்ட இன்னும் ஒட்டியது.

ஆகஸ்ட் 16, புதன்

மிளகாய் மெஷின் போய்விட்டது. ஒரத்தநாட்டுக்காரர் நல்ல விலைக்கே எடுத்தார். ஃபைனான்ஸ் ஆபீஸில் முத்துவேல் முன்னாலேயே பணத்தைக் கட்டி, மாவு மெஷினைத் தொடமாட்டோம், மிச்சம் பதினெட்டுத் தவணை என்று எழுத்தில் வாங்கினேன். முத்துவேல், "அக்கா, நீங்க வக்கீலுக்குப் படிச்சிருக்கலாம்" என்றான்.

மெஷின் இருந்த இடத்தில் தரை சிவப்பாகக் கிடக்கிறது. எத்தனை தடவை கழுவினாலும் தும்மல் வருகிறது. வைரக்கண்ணு வாசலில் நின்று பார்த்துவிட்டு, "எடம் விசாலமாத்தான் இருக்கு, இனிமே நீ காலை நீட்டியே தூங்கலாம்" என்றார்.

ஆகஸ்ட் 22, செவ்வாய்

அண்ணனைப் பட்டுக்கோட்டைக்குக் கூட்டிப்போனேன். லேசில் வரவில்லை. கல்யாணமாகாத பெண்ணை டாக்டரிடம் அழைத்துப்போகிற மாதிரி, யாராவது பார்க்கிறார்களா என்று பார்த்துப் பார்த்துத்தான் பஸ் ஏறினார். வழியெல்லாம் தென்னந்தோப்பு. வெயிலும் நிழலும் மாறி மாறி முகத்தில் விழ, என் தோளில் சாய்ந்து குறட்டை விட்டார். நான்தான் தூங்கவில்லை. இரண்டு பேரும் தூங்கினால் யார் இறக்கிவிடுவது?

ஜெசிந்தா வயிற்றைப் பிடித்துக்கொண்டு எழுந்து, அண்ணனுக்கு நாற்காலியை இழுத்துப் போட்டாள்.

"யாராருக்கெல்லாம் குடுக்கணும்னு சொல்லுங்கண்ணே. ஒண்ணையும் விட்டுறாதீங்க."

சொன்னார். முதலில் முணுமுணுப்பாக, அப்புறம் கொஞ்சம் சத்தமாக. வட்டிக்கடை மூன்று, உரக் கம்பெனி, மச்சினன், கூட்டுறவுச் சங்கம். ஒவ்வொன்றைச் சொல்லும்போதும் தோள் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கியது. எல்லாம் சொல்லி முடித்ததும் ஜெசிந்தா பேனாவைக் கீழே வைக்காமல் என் பக்கம் திரும்பினாள்.

"தங்கச்சிக்கு எவ்வளவு குடுக்கணும்?"

அண்ணன் வாயைத் திறந்தார். கண் நிறைந்துவிட்டது. நான் முந்திக்கொண்டேன்.

"எனக்கு ஒண்ணும் இல்ல மேடம். அதான் ஊரே கேக்க மைக்குல சொல்லியாச்சே!"